ஒட்டுவதும் ஓடுவதும்: அம்மா சொல்லாமல் மறைத்த சலக்கடுப்பு

பதினாறு வருடமாக என்னுடைய தொழில் மற்றவர்களின் சலத்தைப் பார்ப்பது. சிரிக்க வேண்டாம். ரொறன்ரோவில் ஒரு நுண்ணுயிரியல் ஆய்வுகூடத்தில் வேலை. முதல்நாள் ஏகார் தட்டுகளில் பூசி வைத்த மாதிரிகளில் என்ன முளைத்திருக்கிறது என்று காலையில் எடுத்துப் பார்ப்பேன். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு மடங்கும், எதற்கு மடங்காது என்று எழுதி அனுப்புவேன். அந்தச் சலத்துக்கு உரியவர்களின் முகத்தை ஒருநாளும் கண்டதில்லை.

அப்படிப்பட்ட என் வீட்டில், அடுத்த அறையில் படுத்த அம்மாவுக்கு இரண்டு கிழமையாகச் சலக்கடுப்பு இருந்தது எனக்குத் தெரியாது.

போன வருடத்துக்கு முந்திய மாசி மாதம். அம்மாவுக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. ஒருநாள் விடியப்புறம் கட்டில் ஆடுகிற சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தால், இரண்டு போர்வைக்கு உள்ளே கிடந்து பல்லுக் கிட்டி நடுங்கிக்கொண்டிருந்தா. வெளியிலே பனி கொட்டிய காலம். குளிர்க் காய்ச்சல் என்று நினைத்து ரைலனோல் கொடுத்தேன். காலையில் முதுகின் வலப்பக்கம் தொடவே விடவில்லை. அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. கிருமி சலப்பையில் தங்காமல் சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது.

ஆஸ்பத்திரியில் காய்ச்சல் கொஞ்சம் இறங்கிய பிறகு கேட்டேன், ஏன் அம்மா சொல்லவில்லை என்று. கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னா: "உன்னட்ட அதை எப்பிடியடா தம்பி சொல்லுறது? அவளும் வேலையால களைச்சு வாறாள். பார்லி அவிச்சுக் குடிச்சா மாறும் எண்டு நினைச்சன்."

அந்த இரண்டு கிழமையில் அம்மாவின் உடம்புக்குள் என்ன நடந்தது என்பதைத்தான் இங்கே எழுதப்போகிறேன். தொழில்முறையில் நான் நன்றாக அறிந்த விசயம் இது. ஆனால் எங்கட ஆக்களோடு இருந்து இதைப்பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை. எங்கள் வானொலிகளில் சீனி, பிறசர், இருதயம் என்று வைத்தியர்கள் மணிக்கணக்காகக் கதைக்கிறார்கள். சலக்கடுப்புப் பற்றிக் கதைத்து நான் கேட்டது மிகக் குறைவு. பெண்களில் பாதிப் பேருக்கு மேல் வாழ்நாளில் ஒருமுறையாவது வருகிற வருத்தம் இது.

குற்றவாளி பெரும்பாலும் ஈ-கோலிதான். ஜேர்மன் நாட்டுக் குழந்தை வைத்தியர் தியோடோர் எஷெரிக் 1885இல் குழந்தைகளின் மலத்தில் கண்டு விபரித்த பற்றீரியா. எங்கள் எல்லாருடைய குடலிலும் அது இருக்கிறது. குடலில் இருக்கும்வரை பெரும்பாலும் சோலி இல்லை. அங்கிருந்து வெளியே வந்து, சிறுநீர்வழியால் உள்ளே ஏறினால்தான் வில்லங்கம். பெண்களுக்கு அந்த வழி ஏறக்குறைய 4 சென்ரிமீற்றர், ஆண்களுக்கு 20 சென்ரிமீற்றர் அளவில். இந்த ஒரு வித்தியாசமே அரைவாசிக் கதையைச் சொல்லிவிடும்.

ஆனால் வழி கிட்டவாக இருந்தால் மட்டும் போதாது. சலப்பை ஒரு நாளைக்குப் பல தரம் கழுவி ஊற்றப்படுகிற இடம். ஈ-கோலியின் நீளமோ 2 மைக்ரோமீற்றர், அதாவது ஒரு மில்லிமீற்றரில் ஐந்நூறில் ஒரு பங்கு. இவ்வளவு சின்ன ஒன்று அந்த வெள்ளத்தில் அள்ளுப்படாமல் எப்படி நிற்கிறது?

அதன் உடம்பைச் சுற்றி நுண்மயிர்கள் இருக்கின்றன. நல்ல நுண்நோக்கி ஆய்வுகூடத்தில் இருந்தாலும் சாதாரண வில்லையால் தெரியாது, இலத்திரன் நுண்நோக்கிதான் வேண்டும். ஒரு பற்றீரியாவில் சில நூறு மயிர்கள் இருக்கலாம். ஒவ்வொன்றின் தடிப்பு 7 நானோமீற்றர் அளவு. எங்கள் தலைமயிர் ஒன்றின் அகலத்துக்கு இவற்றைப் பத்தாயிரத்துக்கு மேல் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கலாம். மயிரின் நுனியில் ஃபிம்-எச் என்ற ஒரு புரதம் இருக்கிறது. சலப்பையின் உட்சுவரில் இருக்கும் கலங்களின் மேற்பரப்பில் மனோஸ் என்ற ஒருவகைச் சீனி ஒட்டியிருக்கிறது. ஃபிம்-எச்சுக்கு அந்தச் சீனிதான் பிடி. நாயுருவிக் காட்டுக்குள்ளால் நடந்து வந்தால் சீலைக் கரையில் விதை ஒட்டிக்கொண்டு வருமே, ஏறக்குறைய அதுபோலத்தான்.

ஏறக்குறைய என்றுதான் சொல்லலாம். ஏனென்றால் நாயுருவியை இழுத்தால் கழன்றுவிடும். இது கழராது.

2002இல் சியாட்டிலில் உள்ள வோஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைக் காட்டினார்கள். ஈ-கோலி ஒட்டிய மேற்பரப்பின் மேலால் திரவத்தை ஓடவிட்டு, வேகத்தைக் கூட்டிப் பார்த்தார்கள். வேகம் கூடினால் கிருமி கழுவுப்பட்டுப் போகவேண்டும், அதுதானே நியாயம்? நடந்தது மறுவளம். மெல்லிய ஓட்டத்தில் சும்மா உருண்டு திரிந்தவை, ஓட்டம் கூடியபோது அசையாமல் பிடித்துக்கொண்டன. மயிரின் நுனிப் புரதம் இழுபடும்போது அதன் வடிவம் மாறி, மனோஸைப் பிடித்த குழி இன்னும் இறுகிவிடுகிறது. பனை ஏறுகிறவர் காலில் போடும் தளநாரை நினைத்துக்கொள்ளுங்கள். பாரம் கீழே அழுத்த அழுத்தத்தான் அது மரத்தை இறுக்கும். போதாததற்கு மயிரின் தண்டு பழைய ரெலிபோன் வயர்போலச் சுருளாக இருக்கிறது. வெள்ளம் பலமாக இழுத்தால் சுருள் அவிழ்ந்து, தன் நீளத்தின் பல மடங்கு நீண்டு, இழுவையைத் தாங்கி, ஓட்டம் நின்றதும் திரும்பச் சுருண்டுவிடும்.

அப்படியென்றால் தண்ணி குடிக்கச் சொல்வது பொய்யா? இல்லை. இன்னும் பிடி கிடைக்காதவற்றை அது கழுவிக்கொண்டு போகும். 2018இல் வெளியான ஒரு ஆய்வில், அடிக்கடி சலக்கடுப்பு வருகிற, குறைவாகத் தண்ணி குடிக்கிற 140 பெண்களில் பாதிப் பேரை ஒரு வருடம் வழமையைவிட ஒன்றரை லீற்றர் கூடக் குடிக்கச் செய்தார்கள். அவர்களுக்குச் சராசரியாக 1.7 தரம் வந்தது, மற்றவர்களுக்கு 3.2 தரம். ஆக, தண்ணி காவல்தான். ஆனால் பிடித்த பிடியை அது விடுவிக்காது. அம்மாவின் பார்லித் தண்ணி அந்த இடத்தில்தான் தோற்றது. இருதய வருத்தம், சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் தண்ணியைக் கூட்டக்கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஒட்டிய பிறகு நடப்பது இன்னும் மோசம். அந்த மயிரின் பிடியாலேயே சலப்பைக் கலம் கிருமியைத் தனக்குள் இழுத்துவிடுகிறது. உள்ளே போனது பெருகி, கூட்டம் கூட்டமாக அடைந்து கிடக்கிறது. 2003இல் அமெரிக்காவின் சென்ற் லூயிஸ் நகரில், ஸ்கொட் ஹல்ட்கிரனின் ஆய்வுகூடத்தில் எலிகளில் இதை முதலில் விபரித்தார்கள். பிறகு நோய் வந்த பெண்களின் சலத்திலும் இதே கூட்டங்கள் தெரிந்தன. கலத்துக்குள் பதுங்கியதை அன்ரிபயோட்டிக்கும் இலகுவில் எட்டாது, இரத்தத்தின் காவல் கலங்களும் இலகுவில் காணாது. எலிகளில் சில கிருமிகள் மாதக்கணக்காக நித்திரையாகக் கிடந்து, பிறகு எழும்பி வந்திருக்கின்றன. "மருந்து முடிச்சு மூண்டு கிழமையில திரும்ப வந்திட்டுது" என்று எத்தனையோ அக்காமார் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

எங்கள் உடம்பும் சும்மா பார்த்துக்கொண்டு இருப்பதில்லை. சிறுநீரகம் ஒரு புரதத்தைச் செய்து சலத்தில் விடுகிறது. 1950இல் தாம், ஹோர்ஸ்ஃபால் என்ற இருவர் பிரித்தெடுத்ததால் அவர்கள் பெயரே அதற்கு. நீள நூல் நூலாக இருக்கும் அந்தப் புரதத்திலும் மனோஸ் தொங்குகிறது. கிருமியின் மயிர் அதைச் சலப்பைச் சுவர் என்று நினைத்துப் பிடிக்கும். அடுத்த தரம் நாங்கள் போகும்போது நூலும் கிருமியும் சேர்ந்து வெளியே போய்விடும். பதினாறு வருடம் சலத்தில் புரதம் என்றால் நோய் என்று மட்டும் யோசித்த எனக்கு, இதைப் படித்தபோது கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

இந்தத் தந்திரத்தைப் பார்த்துத்தான் மனோஸ் தூளைப் போத்தலில் அடைத்து விற்கிறார்கள். எங்கள் வீட்டுக்கும் ஒரு உறவுக்கார அக்கா நாற்பது டொலருக்கு ஒன்று வாங்கி வந்தா. யோசனை கெட்டித்தனமானது, நானும் நம்பினேன். ஆனால் பிரித்தானியாவில் 598 பெண்களை வைத்து ஆறு மாதம் பார்த்து 2024இல் முடிவை வெளியிட்டார்கள். மனோஸ் தூள் எடுத்தவர்களில் 51 வீதமானோர் திரும்பவும் சலக்கடுப்பு என்று வைத்தியரிடம் போனார்கள். பொய்த் தூள் எடுத்தவர்களில் 55.7 வீதம். அதைப் பெரிய வித்தியாசம் என்று சொல்ல முடியாது. கிரான்பெரி கொஞ்சம் பரவாயில்லை. அடிக்கடி வருகிற பெண்களுக்கு ஓரளவு தடுக்கிறது என்று 2023இன் கொக்ரேன் மீளாய்வு சொன்னது. ஆனால் முதியோர் இல்லங்களில் இருப்பவர்களுக்கு அப்படிப் பயன் தெரியவில்லை. வந்த வருத்தத்தை மாற்ற இரண்டையும் நம்பி இருக்கக்கூடாது.

இனி, சலப்பையில் ஒட்டிக்கொண்டிருந்த ஒன்று அம்மாவின் முதுகுப் பக்கம் எப்படிப் போனது என்பதற்கு வருகிறேன்.

ஈ-கோலிக்கு இன்னொரு உறுப்பும் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் சவுக்குமுளை என்று படித்தோம். சவுக்குப்போல அடித்து அடித்து நீந்தும் என்று எங்கட ஆசிரியர் கையைச் சுழற்றிக் காட்டியது ஞாபகம். அந்தக் காலத்து விஞ்ஞானிகளும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். அது அடிப்பதில்லை, சுழல்கிறது என்று 1973இல் ஹவார்ட் பேர்க்கும் ரொபேர்ட் அன்டர்சனும் வாதிட்டு எழுதினார்கள். அடுத்த வருடம் சான் டியேகோவில் சில்வர்மன், சைமன் என்ற இருவர் செய்த பரிசோதனை எனக்கு மிகவும் பிடித்தது. சவுக்குமுளையைக் கண்ணாடியில் ஒட்டிவைத்துவிட்டார்கள். முளை அசைய முடியாமல் போனதால், பற்றீரியாவின் முழு உடம்பும் அம்மிக்குழவியைச் சுற்றிவிட்டதுபோலச் சுழன்றதாம்.

கப்பலின் விசிறிபோல அது. அடியில் 45 நானோமீற்றர் அகலத்தில் ஒரு உண்மையான மோட்டார். புரோத்தன்கள் வெளியிலிருந்து உள்ளே பாயும் விசையில் ஓடுகிறது, செக்கனுக்கு நூறு சுற்றுக்கும் மேல். சில முளைகள் சேர்ந்து ஒரே கற்றையாக இடஞ்சுழியாகச் சுழன்றால் நேரே நீந்தும். ஒன்று வலஞ்சுழியாக மாறினால் கற்றை குலைந்து, கிருமி உருண்டு புரண்டு வேறு திசை பிடிக்கும். நல்லாக நீந்தினால் செக்கனுக்கு 25 மைக்ரோமீற்றர் போகும். சலப்பையிலிருந்து சிறுநீரகத்துக்குப் போகும் சிறுநீர்க்கான் 25 சென்ரிமீற்றர் அளவு. கணக்குப் பார்த்தேன். நிற்காமல் நேரே போனால் மூன்று மணித்தியாலம்கூட எடுக்காது. உண்மையில் மேலிருந்து சலம் இறங்கிக்கொண்டே இருப்பதால் அவ்வளவு சுகமில்லை. ஆனால் அம்மா அதற்குக் கொடுத்தது மூன்று மணித்தியாலம் அல்ல, இரண்டு கிழமை.

இதிலே ஒரு நுட்பம் இருக்கிறது. ஒட்டுகிற மயிரையும் ஓடுகிற முளையையும் கிருமி பொதுவாக ஒரே நேரத்தில் வைத்திருப்பதில்லை. அதன் டி.என்.ஏ.யில் 314 எழுத்து நீளமான ஒரு துண்டு முன்பின்னாகப் புரளும். ஒரு பக்கம் புரண்டால் மயிர் முளைக்கும், மற்றப் பக்கம் புரண்டால் நிற்கும். மயிர் கூடும்போது முளை குறைகிறது. எலிகளில் கிருமி மேலே ஏறும் நேரத்தில் சவுக்குமுளையின் ஜீன்கள் விழித்துக்கொள்வதை 2007இல் கண்டிருக்கிறார்கள். சிறுநீரகத்துக்குப் போன பிறகு அங்கே பிடிப்பதற்கு வேறு வகை மயிர், வேறு வகைச் சீனி. ஊருக்கு ஒரு சாவி வைத்திருக்கிற கள்ளன்.

அம்மாவின் இரத்தத்திலும் ஈ-கோலி வந்துவிட்டது. நாளத்தால் மருந்து ஏற்றி, ஐந்தாம் நாள் எழும்பி இருந்து சோறு கேட்டா. முடிந்தது என்று நினைத்தேன்.

முதல்நாள் இரவே அம்மாவுக்குக் கதீற்றர் போட்டிருந்தார்கள். நடக்க முடியவில்லை, கழிப்பறை தூரம், தாதிமாருக்கும் ஓய்வில்லை. அது எனக்கு விளங்கும். ஆனால் ஐந்தாம் நாள் அம்மா கையைப் பிடித்து நடந்தா. ஆறாம் நாளும் குழாய் அப்படியே இருந்தது. ஒன்பதாம் நாளும் இருந்தது. அதை ஏன் இன்னும் வைத்திருக்கிறீர்கள் என்று அந்த ஆஸ்பத்திரியில் ஒருவரும் ஒருவரைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கதீற்றர் இருக்கும் ஒவ்வொரு நாளும் சலத்தில் கிருமி வரும் வாய்ப்பு 3 முதல் 7 வீதம் என்பது என் தொழிலில் பாலர் வகுப்புப் பாடம். அம்மா படுக்கை நனைக்காமல் நிம்மதியாக இருக்கிறா என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டேன்.

பத்தாம் நாள் குழாய் அடைத்துக்கொண்டது. அடிவயிறு வீங்கி, திரும்பக் காய்ச்சல். இந்தமுறை வந்தது புரோட்டியஸ்.

இந்தக் கிருமியை என்னால் கண்ணை மூடிக்கொண்டும் சொல்ல முடியும், அதன் நாற்றம் அப்படி. இதையும் 1885இலேயே இன்னொரு ஜேர்மனியர், குஸ்தாவ் ஹவுசர், விபரித்து, நினைத்தபடி உருமாறும் கிரேக்கக் கடல் தெய்வத்தின் பெயரை வைத்தார். பொருத்தமான பெயர். திரவத்தில் இருந்தால் சின்னத் தடி. ஒரு மேற்பரப்பைத் தொட்டால் பிரியாமல் நீண்டு நீண்டு இருபது, முப்பது மடங்கு வளர்ந்து, உடம்பு முழுக்க ஆயிரக்கணக்கில் சவுக்குமுளை முளைத்துவிடும். பிறகு தனியே நீந்தாது. பக்கத்தில் பக்கத்தில் அணைந்து, தெப்பம்போலக் கூட்டமாக நகரும். ஏகார் தட்டில் ஒரு புள்ளி வைத்தால், குளத்தில் கல் எறிந்ததுபோல வட்டம் வட்டமாகத் தட்டு முழுதும் பரவிவிடும். கதீற்றர் அதற்கு ரெயில் தண்டவாளம். ஏறியபின் சலத்தில் உள்ள யூரியாவை உடைத்து அமோனியா ஆக்கும். சலம் காரமாகி, உப்புகள் பளிங்காகிப் படியும். யாழ்ப்பாணத்தில் கிணற்றுத் தண்ணி கொதித்த கேத்தலின் அடியில் சுண்ணாம்பு படியுமே, அதேபோலக் குழாய்க்குள் படிந்து அடைத்துவிடும்.

குழாயை மாற்றி, மருந்தை மாற்றி, அம்மா வீட்டுக்கு வர இருபத்திமூன்று நாள். முதல் வருத்தத்துக்குக் காரணம் எங்கள் வீட்டு வெட்கம். இரண்டாவதுக்குக் காரணம், கேட்க வேண்டிய கேள்வியை கேட்காத நாங்கள் எல்லாரும்.

எங்கட வீடுகளில் வயதான அம்மாமாரை வைத்தியரிடம் கூட்டிப்போவது பிள்ளைகள்தான், பாஷை பெயர்ப்பதும் நாங்கள்தான். மகனை நடுவில் இருத்திவைத்து ஒரு தாய் தன் சலத்தைப்பற்றி எப்படிக் கதைப்பா? "வேற ஒண்டும் இல்லையெண்டு சொல்லு" என்பா. நானும் அப்படியே சொல்லிவிட்டு வருவேன். பெண் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் ஐந்து நிமிடம் வெளியே போய் நில்லுங்கள். கலியாண வீட்டுக்கும் கோயிலுக்கும் போகும் நாளில், அந்தரப்பட வேண்டிவரும் என்று காலையிலிருந்தே ஒரு சொட்டுத் தண்ணி குடிக்காமல் வெளிக்கிடும் பழக்கம் ஊரிலிருந்து எங்கட பெண்களோடு வந்தது. இங்கே ஒவ்வொரு மண்டபத்திலும் கழிப்பறை இருந்தும் அது மாறவில்லை.

மாதவிடாய் நின்ற பெண்களுக்குக் காவல் காக்கும் நல்ல பற்றீரியாக்கள் குறைந்துபோவதால், திரும்பத் திரும்ப வரும். அந்த இடத்தில் பூசும் ஈஸ்திரஜன் கிறீம் இருக்கிறது. 1993இலேயே ஒரு ஆய்வில், அதைப் பூசியவர்களுக்கு வருடத்துக்கு சராசரி 0.5 தரமும், பூசாதவர்களுக்கு 5.9 தரமும் வந்ததாகக் காட்டினார்கள். முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. எங்கள் அம்மாமாரில் எத்தனை பேருக்கு இதை யாராவது சொல்லியிருப்பார்கள்? வைத்தியரிடம் கேளுங்கள், எல்லாருக்கும் பொருந்தாது, ஆனால் கேளுங்கள். ஒன்ராறியோவில் சிக்கலில்லாத சலக்கடுப்புக்கு 2023 தையிலிருந்து மருந்தாளரே மருந்து எழுதலாம். இளம் பெண்கள் வைத்தியரின் நாளுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. குளிர் நடுக்கமோ முதுகு நோவோ இருந்தால் மட்டும் அங்கே நிற்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

மறுபக்கமும் ஒன்று உண்டு. இதைப் படித்துவிட்டு அம்மாவின் சலத்தை மாதாமாதம் சோதிக்க ஓடவேண்டாம். முதியோர் இல்லங்களில் இருக்கும் பெண்களில் 25 முதல் 50 வீதமானோரின் சலத்தில் எந்தக் கரைச்சலும் தராமல் கிருமி இருக்கும். எரிவு, காய்ச்சல், நோவு இல்லாவிட்டால் பெரும்பாலும் அதற்கு மருந்து கொடுக்கக்கூடாது. கொடுத்தால் அடுத்தமுறை மருந்துக்கு மடங்காத கிருமிதான் மிஞ்சும். அப்படி மிஞ்சியவற்றை நான் கிழமைக்குக் கிழமை தட்டில் பார்க்கிறேன்.

ஆஸ்பத்திரியால் வந்த பிறகு அம்மாவிடம் ஒன்றுதான் கேட்டேன், இனி மறைக்கக்கூடாது என்று. சரி என்றா. சொன்ன சொல்லைக் கொஞ்சம் கூடுதலாகவே காப்பாற்றுகிறா. இப்போது நாங்கள் எல்லாரும் இருந்து சாப்பிடும்போது, மீன்குழம்புச் சட்டியை என் பக்கம் தள்ளிவிட்டு, "தம்பி, இண்டைக்கு ஆறு தரம் போனனான், எரிவு ஒண்டும் இல்லை" என்று சத்தமாக அறிக்கை வாசிக்கிறா. பேரப்பிள்ளைகள் "அம்மம்மா!" என்று காதைப் பொத்துகிறார்கள்.